ஆறு மாதக் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி: மாவு தயாரிப்பது முதல் ஊட்டுவது வரை

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் பல வீடுகளில் முதலில் வருவது பருப்புத் தண்ணி. அடுத்து வடிகஞ்சி. இரண்டிலும் தண்ணீர்தான் அதிகம். பருப்பும் சோறும் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும், மேலே தெளிந்ததுதான் குழந்தைக்குப் போகும். வயிறு நிறையும், எடை ஏறாது.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். இந்த வயதில் வயிறு ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு 210 மில்லி. ஆறு முதல் எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 200 கலோரி. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. ஒரு வயதுக்கு மேல் 550. அவ்வளவு சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கும் இடமில்லை, உணவுக்கும் இடமில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்தும்: கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். முளைகட்டிய கேழ்வரகு அதற்கு எப்படி உதவுகிறது என்பது கீழே வருகிறது.

ஏன் கேழ்வரகு?

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியோ கோதுமையோ இதன் பக்கத்தில்கூட வராது. இரும்புச்சத்தும் கொஞ்சம் உண்டு. ஆனால் தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது குறைவு. ஊறவைத்து முளைகட்டும்போது அந்த அமிலத்தில் ஒரு பங்கு சிதைகிறது. அப்படியும் கேழ்வரகை மட்டும் நம்பி இரும்புச்சத்தை ஈடுகட்ட முடியாது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம்.

முளைகட்டுவதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொள்ள அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் களி போல இறுகும்; இளக்க வேண்டும் என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். முளைகட்டிய மாவில் அந்த நொதி மாவுச்சத்தை அறுத்துவிடுவதால், அதே தண்ணீரில் அதிக மாவு போட்டாலும் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். விழுங்கவும் எளிது, சத்தும் கூடுதல்.

மாவில் என்ன சேர்க்கலாம், எதை விடலாம்

சத்துமாவு என்றால் இருபது, முப்பது பொருட்கள் இருந்தால்தான் பெருமை என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. முதல் மாவுக்கு அது நல்லதல்ல. குழந்தைக்குத் தடிப்போ வாந்தியோ வந்தால் இருபதில் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு தானியத்துக்கும் வறுபடும் நேரம் வேறு. ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும். பாதாம், முந்திரி, நிலக்கடலையில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து, அதைச் சேர்த்து ஒரு பயனும் இல்லை.

போதுமான அளவு இதுதான்:

கேழ்வரகு 500 கிராம்
பாசிப்பருப்பு 150 கிராம்

தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளமாக உண்டு. அதனால் இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகும். சர்க்கரை, உப்பு, பால்பவுடர் எதையும் மாவில் கலக்க வேண்டாம். வாசத்துக்காக ஏலக்காய் ஒன்றிரண்டு போடுவதில் கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை.

முளைகட்டி மாவாக்குவது

முதல் வேலை கல் அரிப்பது. கேழ்வரகில் மணலும் சிறு கல்லும் கட்டாயம் இருக்கும், ஒரே நிறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதக்கும் தூசியை வடித்துவிட்டு, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு பாத்திரத்துக்கு அரித்து மாற்றுங்கள். கல் அடியில் நிற்கும். தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து முறை கழுவ வேண்டும்.

பிறகு பத்து மணி நேரம் ஊறட்டும். கோடையில் நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் புளித்த வாடை வரும். ஊறியதும் தண்ணீரை ஒட்ட வடித்து, துவைத்த பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, அடியில் தண்ணீர் தேங்காதபடி ஒரு வடிதட்டில் வையுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறி அழுகும். காலை, மாலை துணியின் மேல் தண்ணீர் தெளித்து, ஒரு முறை திறந்து கிளறிவிடுங்கள். சென்னை வெயிலில் 24 மணி நேரத்தில் முளை தெரியும். மார்கழிக் குளிரிலும் ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் 48 மணி நேரம்கூட ஆகலாம். அரை சென்டிமீட்டர் முளை போதும். இன்னும் நீள விட்டால் தானியம் தன் சத்தைத் தானே செலவழித்துக்கொள்ளும், மாவிலும் கசப்பு தட்டும்.

இந்தக் கட்டத்தில் பலரும் பயப்படுவது வெள்ளைப் பஞ்சு போன்ற ஒன்றைப் பார்த்து. எல்லா மணியிலும் வேரைச் சுற்றி ஒரே மாதிரி மெல்லிய வெள்ளை இழை இருந்து, தண்ணீர் தெளித்ததும் படிந்துவிட்டால் அது வேர்த்தூவி. சில இடத்தில் மட்டும் மணிகள் ஒட்டிக் கட்டியாகி, சிலந்தி வலை போலவோ சாம்பல், பச்சை, கறுப்பு நிறத்திலோ படர்ந்து, மக்கிய வாடை அடித்தால் அது பூஞ்சணம். அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் போகாது. முழு மூட்டையும் குப்பைக்குத்தான்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. முதலில் மின்விசிறியடியில் துணியில் பரப்பி ஈரம் போகவிட்டு, பிறகு மேலே மெல்லிய துணி மூடி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். செய்தித்தாளில் பரப்பாதீர்கள், ஈரத்தில் அச்சு மை ஒட்டும். ஒரு மணியைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். பல்லில் ஒட்டினால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை. காய்ந்ததும் கையால் கசக்கிப் புடைத்தால் வேர்கள் உதிர்ந்து பறந்துவிடும்.

இப்போது காய்ந்த கேழ்வரகில் 50 கிராமை வறுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். ஏன் என்பது கஞ்சி காய்ச்சும்போது தெரியும். மீதியை அடிகனமான இரும்புச் சட்டியில் 200 கிராம் அளவாகப் போட்டு, சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வறுங்கள். நிறத்தை நம்ப முடியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். வாசம் எழும்பி, ஒன்றிரண்டு மணி வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். பாசிப்பருப்பைத் தனியாக, லேசாகப் பொன்னிறம் வரும் வரை வறுங்கள். இரண்டும் முழுவதும் ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்து டப்பாவில் போட்டால் மூடியில் வியர்த்து மாவு கட்டிதட்டும், நாலு நாளில் வாடை மாறும்.

இந்த அளவுக்கு மிக்ஸியே போதும். மில்லில் கொடுப்பதென்றால் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் குழந்தை மாவு அரைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. முதலில் ஒரு கைப்பிடி தானியத்தை ஓட்டி, வரும் மாவைத் தள்ளிவிட்டுப் பிறகு உங்களுடையதைக் கொட்டச் சொல்லுங்கள். அரைத்த மாவை மெல்லிய சல்லடையில் சலித்து, ஆறவிட்டு, ஈரமில்லாத கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். எடுத்துவைத்த 50 கிராமை மிக்ஸியில் தனியாகப் பொடித்து, வேறு சின்ன டப்பாவில் எழுதி ஒட்டி வையுங்கள். வெளியில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஊறவைத்த ராகியை அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சும் பழைய முறையும் தவறில்லை. வழவழப்பாக இருக்கும், முதல் வாரத்துக்கு வசதி. ஆனால் கால்சியத்தில் பெரும்பகுதி தோலோடு சேர்ந்தே இருக்கிறது. துணியில் நிற்கும் சக்கையோடு அதுவும் போய்விடும்.

கஞ்சி காய்ச்சுவது

சமமாகத் தட்டிய இரண்டு மேசைக்கரண்டி மாவை (16 முதல் 18 கிராம்) 200 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைப் போட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி விழும். சிறு தீயில் கைவிடாமல் கிளறி எட்டு முதல் பத்து நிமிடம். பச்சை வாடை போய், கஞ்சி பளபளவென்று மின்னி, கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். இறக்கி ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுங்கள். மாவில் 55 கலோரி, நெய்யில் 45. ஒரு தடவை காய்ச்சிய கஞ்சியில் 100 கலோரி. இரண்டு வேளை முழுதாகச் சாப்பிட்டால் அன்றைய 200 ஆகிவிட்டது.

பதத்துக்கு ஒரே சோதனை: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் கஞ்சி மெதுவாகச் சொட்ட வேண்டும். ஓடினால் தண்ணீர் அதிகம். சாய்த்தும் விழவில்லை என்றால் களியாகிவிட்டது.

களியானால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, ஆவி தணிந்து விரல் தாங்காத ஆனால் கொதிக்காத சூட்டுக்கு வந்ததும், வறுக்காத முளை மாவில் அரைத் தேக்கரண்டி தூவிக் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கஞ்சி தானாகவே இளகுவதைப் பார்க்கலாம். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், ஒன்றும் நடக்காது. இளகியதும் மறுபடி இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க வைப்பது கட்டாயம், ஏனென்றால் வறுக்காத முளைமாவில் கிருமிகள் இருக்கும்.

காய்ச்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். குழந்தை எச்சில் பட்ட மீதியை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

ஊட்டுவது

180 நாள் முடிந்து, தலை நின்று, பிடித்துக்கொண்டால் உட்காரும் நிலை வந்ததும் தொடங்கலாம். முன்கூட்டித் தொடங்குவதில் ஒரு நன்மையும் இல்லை. காலை பத்து மணி வாக்கில், குழந்தை தூக்கக் கலக்கமும் கடும்பசியும் இல்லாத நேரம் நல்லது. பகலில் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாததும் கண்ணில் படும்.

முதல் மூன்று நாள் ஒரு வேளை, இரண்டு மூன்று தேக்கரண்டி. நாக்கால் வெளியே தள்ளுவது பிடிக்கவில்லை என்று அர்த்தமல்ல, விழுங்கப் பழகவில்லை. இரண்டாம் வாரத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் இரண்டு மூன்று வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம், அதாவது 125 மில்லி. ஒன்பது மாதத்தில் மூன்று நான்கு வேளை. ஒரு வயதில் முக்கால் முதல் ஒரு கிண்ணம். தாய்ப்பால் இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் தொடரட்டும்.

காலை நீட்டிக் குழந்தையை அதில் கிடத்தி, சங்கில் ஊற்றிப் புகட்டுவது பாட்டிமார்களுக்குக் கைவந்த கலை. படுத்த நிலையில் கெட்டியானதை ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும் அபாயம் உண்டு. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், குழந்தை வாய் திறந்த பிறகே கொடுங்கள். நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கிப் பாட்டிலில் கஞ்சி கொடுப்பதும் வேண்டாம். பாட்டிலில் போக வேண்டுமென்றால் கஞ்சியைத் தண்ணீராக்கத்தான் வேண்டியிருக்கும். முகம் திருப்பினால், உதட்டை மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். செல்போனில் பாட்டுப் போட்டுவிட்டு வாயில் தள்ளுவது இன்றைக்கு எளிது, ஆறு மாதம் கழித்துப் போன் இல்லாமல் வாயே திறக்காது.

உப்பு ஒரு வயது வரை வேண்டாம். சர்க்கரை இரண்டு வயது வரை. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரைதான், நிறம் மட்டும் வேறு. இனிப்பு வேண்டுமென்றால் மசித்த வாழைப்பழம் அரை சேர்த்துக்கொள்ளலாம். தேன் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது, சேனை வைப்பது உட்பட. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயது வரை கொடுக்க வேண்டாம். கஞ்சியில் கொஞ்சம் சேர்ப்பதும் தயிரும் சரி.

கஞ்சி மட்டும் போதாது

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். பிறக்கும்போது உடலில் சேமித்துவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது; கஞ்சியும் தாய்ப்பாலும் மட்டும் அதை நிரப்பாது. அசைவ வீடுகளில் ஏழாம் மாதத்திலிருந்து நன்றாக வேகவைத்து மசித்த கோழி ஈரலை வாரத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம். கோழிக்கறி, முள் நீக்கிய மீன், முட்டை எல்லாம் இந்த வயதிலேயே ஆகும். சைவ வீடுகளில் பருப்பும் கீரையும் தினமும் வேண்டும்; கூடவே வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று, உதாரணமாகக் கொய்யா விழுது, ஆரஞ்சுச் சாறு ஒரு தேக்கரண்டி, அல்லது வெந்த தக்காளி. அது தானிய, கீரை இரும்பை உடலில் சேர்க்கும். அரசின் ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து தரப்படுகிறது. அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்கும்போது மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

முட்டை, நிலக்கடலை, மீன், கோதுமை போன்றவற்றை ஒரு வயது வரை தள்ளிப்போடுவது பழைய அறிவுரை. 2015-இல் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே நிலக்கடலை கொடுத்தபோது ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஒன்றொன்றாக, காலை வேளையில், கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி மைய அரைத்த விழுதாகக் கஞ்சியில் கரைக்க வேண்டும், முழுக் கடலை ஐந்து வயது வரை ஆகாது. குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால், அல்லது முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மருத்துவரைக் கேட்ட பிறகே நிலக்கடலை.

கெட்டியிலிருந்து கட்டிக்கு

எட்டு மாதத்துக்கு மேலும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுப்பதுதான் அடுத்த பெரிய தவறு. ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டியான உணவு பழகாத குழந்தைகள் பின்னால் மெல்ல மறுப்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். எட்டாம் மாதத்தில் குழைந்த பருப்புச் சாதம், நெய் விட்டு உதிர்த்த இட்லி, கரண்டியால் மசித்த பரங்கிக்காய். ஒன்பதாம் மாதத்தில் கையில் பிடித்துத் தின்ன வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டு. இரு விரலுக்கிடையில் அழுத்தினால் நசுங்க வேண்டும். முழுத் திராட்சை, பொட்டுக்கடலை, முறுக்கு, பச்சைக் கேரட், பாப்கார்ன் வேண்டவே வேண்டாம்.

குமட்டி இருமினால், முகம் சிவந்து சத்தம் வந்தால் குழந்தை தானே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். சத்தமே வராமல், இரும முடியாமல், உதடு நீலம் பூத்தால் அடைத்துக்கொண்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறத் தலை தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். திருப்பிப் போட்டு மார்பின் நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும் வரை மாறி மாறிச் செய்தபடி, பக்கத்தில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

மலச்சிக்கல் முதல் மாதத்தில் சகஜம். நார்ச்சத்து கூடியிருக்கும், அதற்கேற்ற தண்ணீர் போயிருக்காது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு மூன்று வாய், மதியம் பப்பாளி விழுது, காலையில் உலர்திராட்சை ஊறிய தண்ணீர் இரண்டு தேக்கரண்டி. நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சியும் கொடுத்துவந்தால், அதைச் சில நாள் நிறுத்திப் பாருங்கள். மலத்தில் கேரட், கீரைத் துணுக்கு அப்படியே வருவது செரிமானக் கோளாறல்ல. ரத்தம் கலந்தாலும், வெள்ளை வெளேரென்று போனாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பேதியானால் உணவை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலோடும் கஞ்சியோடும் சேர்த்து உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு வளரும் வேகம் குறைவதால் சாப்பாடும் குறையும். இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடும். எடை வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் பின்னால் ஓட வேண்டியதில்லை. தனிச் சமையலையும் அந்தச் சமயத்தில் நிறுத்தலாம். சாம்பாரிலும் கூட்டிலும் உப்பும் மிளகாய்த்தூளும் போடும் முன் குழந்தைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு, மீதியை உங்கள் ருசிக்கு முடியுங்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் மாவை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு இட்லி மாவில் கலந்து தோசை வார்க்கலாம். சிறு தீயில் மூடி வைத்து வேகவிடுங்கள், கேழ்வரகு தோசை சீக்கிரம் சிவந்து உள்ளே வேகாமல் நிற்கும்.